ஏழாவது பாடி

ட்ரிங்ங்ங்...!

காலை எட்டு நாற்பது. காவல் நிலையத்துத் தொலைபேசி அலறியது.

இன்ஸ்பெக்டரம்மா பாய்ந்து எடுத்தார்.

"அம்மா... பாடியக் காணோம்மா!"

மறுமுனையில் ஓர் ஆண் குரல். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"யாரு பேசறது? எந்தப் பாடி?"

"நான் வாட்ச்மேன் பேசறேம்மா. ஏழாவது பாடி!"

இன்ஸ்பெக்டரம்மா பேனாவைத் தேடி எடுத்தார். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம். காணாமல் போன பூனையைத் தவிர வேறு வழக்கே பார்க்காத பாவம் அவர்.

"ஏழாவதா...? அப்ப மிச்சம் ஆறு?"

"அதெல்லாம் பத்திரமா இருக்கும்மா. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வரிசையா படுக்க வெச்சிருக்கோம்."

"அடப்பாவிகளா...! காணாமப் போனதோட அடையாளத்தச் சொல்லு!"

"கறுப்பும்மா. ரொம்ப ஒல்லி. பக்கவாட்டுல பார்த்தா கண்ணுக்கே தெரியாது. எடை அறுநூறு கிராம்."

"அறுநூறு கிராமா! மிச்ச உடம்பு எங்கேய்யா?"

"முதலாளி வெட்டி எடுக்கச் சொல்லிட்டாரும்மா. ஒவ்வொண்ணா வெட்ட வெட்டத்தான் அவருக்கு சந்தோஷம்!"

ரிசீவர் கை நழுவியது.

"ஏட்டய்யா...! ஜீப்ப எடுங்க! ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க! தொடர் கொலை!"

மீசையை நீவியபடி எழுந்தார் ஏட்டு. ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம். எதற்கும் பதறாதவர்.

"ஆறு பாடிக்கு ஒரு ஆம்புலன்ஸ் பத்தாதும்மா. லாரியா சொல்லிடறேன்."

*

கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறு பாடிகளும் படுத்திருந்தன.

ஆறும் மடிக்கணினி!

இன்ஸ்பெக்டரம்மா துப்பாக்கி உறையிலிருந்து கையை மெல்ல எடுத்தார். வாசலில் ஆம்புலன்ஸ்காரர் ஸ்ட்ரெச்சரோடு நின்று திருதிருவென்று விழித்தார்.

"யோவ் வாட்ச்மேன்... இதுக்குப் பேரு பாடியா?"

"ஆமாம்மா. இந்தக் கம்பெனியில கணினிக்கு மேல்கூடு செய்யற பட்டறையில எல்லாரும் பாடின்னுதான் சொல்லுவாங்க. உள்ள போடற சாமானுக்கு உயிர்னு பேரு. பாடி கெடச்சா உயிரும் கூடவே கெடச்சுடும்..."

"கிடைக்காட்டி?"

"கிடைக்காட்டி என் உயிர் போயிடும்மா!"

ஏட்டு ஸ்ட்ரெச்சரைத் தட்டினார். "தம்பி, நீங்க கெளம்புங்க. இங்க எல்லாருக்கும் சார்ஜர்தான் தேவை."

அப்போது ஒரு அம்மாள் முன்னால் வந்தார். ஐம்பது வயது. கையில் மெல்லிய திருப்புளி. திரையையும் அடிப்பாகத்தையும் பிணைக்கும் கீலைச் செய்வதில் அவருக்கு ஈடு இல்லை. அதனால் பட்டறை முழுக்க அவருக்குக் கீலம்மா என்றே பேர்.

"இது ஏழு தலைமுறைம்மா. ஆறையும் நான்தான் வளர்த்தேன்," என்றார் கீலம்மா. "இதோ... இவன் பெரியவன். ரெண்டே முக்கால் கிலோ. சி.டி. தட்டு, வயர் சொருக ஒன்பது ஓட்டை, ரெண்டு விசிறி... சம்சாரி! ரெண்டாமவனுக்குச் சி.டி. தட்ட எடுத்தாச்சு. வாடிக்கையாளருங்க குய்யோ முறையோன்னாங்க. ஆறே மாசத்துல மறந்துட்டாங்க."

"மூணாவது?"

"பேட்டரிய உள்ளயே பூட்டிட்டோம். நாலாவது, ஒரே அலுமினியக் கட்டியக் குடைஞ்சு செஞ்சது. ராணி மாதிரி இருப்பா. அஞ்சாவதுல ஓட்டையெல்லாம் அடைச்சு ஒண்ணே ஒண்ணுதான் விட்டோம். வாங்கினவங்க மெலிசா ஒரு கணினியும் குண்டா ஒரு வயர்ப் பையும் தூக்கிட்டுத் திரியறாங்க. ஆறாவதுல விசிறியும் போச்சு. எண்ணூத்தித் தொண்ணூறு கிராம்."

"காணாமப் போன ஏழாவது?"

கீலம்மாவின் முகம் சுருங்கியது.

"அது... முதலாளி பெத்தது. என்னுது இல்ல."

"சொல்லித் தொலைங்களேன் அத்தை!" என்று பாய்ந்தது ஒரு குரல். விலை உயர்ந்த கோட்டு. நறுமணம் நாலு அடி முன்னால் வந்தது. முதலாளியின் மருமகன், விற்பனைப் பிரிவுத் தலைவர். கீலம்மாவை அத்தை என்பது உறவால் அல்ல, பழக்கத்தால். ஆனால் வாட்ச்மேன் முதல் வங்கிக்காரர் வரை எல்லோருக்கும் அவர் 'மாப்பிள்ளை'தான். "இன்ஸ்பெக்டர் மேடம், நேத்து சாயங்காலம் பட்டறையே பார்க்க ரெண்டு பேருக்கும் சண்டை. மாமா அறுநூறு கிராம்ல ஒரு ஏழாவது செய்யச் சொன்னாரு. இவங்க அதச் செஞ்சு குடுத்துட்டு, தனியா இன்னொரு ஏழாவதும் செஞ்சு வெச்சிருக்காங்க. ஒரு கிலோ நாப்பது கிராம்! ஆறாவத விட குண்டு!"

"குண்டு இல்ல மாப்பிள்ளை. தெம்பு," என்றார் கீலம்மா.

"ஊரெல்லாம் 'முந்தினத விட மெலிசு, முந்தினத விட மெலிசு'ன்னு சொல்லித்தான் நாங்க பேரு வாங்கினோம். மாமா முடியாதுன்னுட்டாரு. பதினோரு மணிக்கு மேடை. பத்திரிகைக்காரங்க வந்துட்டாங்க. மெலிசு மேடை ஏறினதும் இவங்க ராஜினாமா. கடுதாசி மாமா மேசையில இருக்கு!"

இன்ஸ்பெக்டரம்மா திரும்பினார். "உண்மையா?"

"உண்மைதாம்மா. பன்னெண்டு வருஷம்... பதினோரு மணியோட முடியுது."

"ஆனா மெலிசு காணாமப் போயிட்டா?"

"என்னோடதுதான் மேடை ஏறும். வேற ஒண்ணும் இல்லயே."

"அறைச் சாவி?"

"ரெண்டு. ஒண்ணு முதலாளிகிட்ட. இன்னொண்ணு..."

கீலம்மா நிறுத்தினார்.

இன்னொன்று அவர் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது!

மாப்பிள்ளை கையைத் தட்டினார். "அவ்வளவுதான்! விலங்க மாட்டுங்க மேடம். மாமா தன் பொருளத் தானே திருடுவாரா?"

மணி ஒன்பது ஐம்பது.

*

"போலீஸ எவன்யா கூப்பிடச் சொன்னான்!"

கதவருகில் முதலாளி. நல்ல உயரம். கையில் ஒரு தடித்த ஃபைலை வயிற்றுக்குக் கீழே தழையப் பிடித்திருந்தார்.

"நான்தாங்கய்யா..." வாட்ச்மேன் சுவரோடு சுவரானார்.

"ஏங்க, உங்க பொருள் திருடு போயிருக்கு. கோவம் திருடன் மேல வரணும். போன் பண்ணவரு மேல வருதே?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"போனது போகட்டும்மா. கேஸு கீஸு வேணாம். கீலம்மாவோடத மேடையில வெச்சு ஒப்பேத்திக்கறேன்... வேற வழி?"

"மாமா!" மாப்பிள்ளை அலறினார். "உங்களுக்கு என்ன ஆச்சு? திருடினவங்களுக்கே மேடையா?"

கீலம்மா நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

"நான் தொடல. திருடித்தான் என் பிள்ளை மேடை ஏறணும்னா, அது பெட்டியிலயே கெடக்கட்டும். ராஜினாமாவ இப்பவே எடுத்துக்கங்க!"

இன்ஸ்பெக்டரம்மா அவரைத் தனியாக ஜன்னலோரம் அழைத்துப் போனார். பொய் சொல்கிறவர்கள் இப்படிப் பேசிப் பார்த்ததில்லை. வேறு யார்?

"கீலம்மா... அந்த மெலிசுல என்னதான் தப்பு?"

"விசிறி கெடையாது. ஆனா உள்ள இருக்கற உயிரு ரொம்பத் துடியான உயிரு. சூடு போக வழியில்ல. கால் மணி நேரம் வேலை பார்த்தா அடிப்பக்கம் கொதிக்கும். நான் மேசையில வெச்சுத்தான் சோதிச்சேன். யார்கிட்ட சொன்னாலும் நம்பல."

"மேசையில வெச்சீங்க. சரி. இத வாங்கறவங்க எங்க வெப்பாங்க?"

"பேர்லயே இருக்கேம்மா. மடிக்கணினி. மடியில..."

கீலம்மா சட்டென்று தன் மடியைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டரம்மாவின் உதட்டில் ஒரு விஷமச் சிரிப்பு முளைத்தது.

"கையில கெடச்ச புதுச் சாமானத் திறந்து பார்க்காத திருடன் உண்டா? ஏட்டய்யா...! நாலு நாற்காலி போடுங்க. அந்தப் பெரியவனத் தூக்கிட்டு வாங்க!"

*

நான்கு நாற்காலிகள். கீலம்மா, வாட்ச்மேன், மாப்பிள்ளை உட்கார்ந்தார்கள். முதலாளி நின்றார்.

"ஒண்ணுமில்ல. எல்லார் வாக்குமூலமும் வேணும். அவங்கவங்க மடியில வெச்சு அவங்கவங்களே டைப் பண்ணுங்க," என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

பெரியவன் முதலில் கீலம்மா மடியில் ஏறினான். தொலைந்து கிடைத்த பிள்ளையைப் போல அவனைத் தடவிக் கொடுத்து, நாலு வரி அடித்து முடித்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

வாட்ச்மேன் ஒற்றை விரலால் தன் பெயரைத் தேடித் தேடி அடித்தார். சுளிப்பு இல்லை.

மாப்பிள்ளை சுளித்தார்! இன்ஸ்பெக்டரம்மா குனிந்தார்.

"வலிக்குதா?"

"வலிக்கல மேடம். பேன்ட் மடிப்பு கலையுது! ரெண்டே முக்கால் கிலோவ மடியில வெச்சுட்டு வாழ்ந்திருக்காங்களா அந்தக் காலத்துல?"

"அதத்தான் நாங்களும் வாங்கினோம். குடும்பமும் நடத்தினோம்," என்றார் ஏட்டு.

பாக்கி ஒருவர்.

"நான் எதுக்கு? நான் புகார்தாரர்!"

"புகார்தாரர்தான் முதல்ல எழுதணும். உட்காருங்க சார்."

முதலாளி அங்குலம் அங்குலமாக உட்கார்ந்தார். ஃபைலை விடவில்லை. ஏட்டு பணிவாக அதை வாங்கிக்கொண்டார். பணிவாகவே பெரியவனை இறக்கினார்.

"ஐயய்யய்யோ...! அம்மா...!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாப்பிள்ளை எழுந்து ஓடினார். வாட்ச்மேன் சாமி பேரைச் சொன்னார்.

முதலாளியின் கால்சட்டையில், இரண்டு தொடையிலும், இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்தது போல் காவி நிறத்தில் ஒரு நீள் சதுரம்!

*

"காலையில ஏழு மணிக்கு வந்தேன்..."

எல்லோரையும் வெளியே அனுப்பியாயிற்று. அறையில் முதலாளி, இன்ஸ்பெக்டரம்மா, தொடைக்குக் களிம்பு கொண்டு வந்த ஏட்டு. மூவர் மட்டும்.

"மேடைப் பேச்ச அதுலயே டைப் பண்ணலாம்னு மடியில வெச்சேம்மா. 'மெலிசே எங்கள் மூச்சு'ன்னு ஆரம்பிச்சேன். ரெண்டாம் பக்கத்துல... புகை வந்துது."

"மெலிசுலேர்ந்தா?"

"என்கிட்டேர்ந்து!"

ஏட்டு இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல்.

"அவங்க சொன்னது சரின்னு ஒத்துக்க வேண்டியதுதானே சார்?"

"எப்படிம்மா? நேத்து அத்தனை பேர் முன்னாடி, 'உங்களுக்கு வயசாயிடுச்சு, பயப்படறீங்க'ன்னு அவங்கள எடுத்தெறிஞ்சு பேசிட்டேன். இன்னிக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்? மெலிசு திருடு போச்சுன்னா, வேற வழியில்லாம அவங்களோடத ஏத்தின மாதிரி ஆயிடும். அவங்க ஜெயிப்பாங்க... நான் தோத்தது யாருக்கும் தெரியாது."

"அவங்க திருடின்னு பட்டம் வாங்கறது?"

முதலாளி தலையைக் குனிந்தார். "போலீஸ் வரும்னு நெனைக்கலம்மா. அந்த வாட்ச்மேன்..."

"அந்த வாட்ச்மேன்தான் இங்க யோக்கியன்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "இப்ப மணி பத்தரை. முதல்ல அந்தக் கடுதாசியக் கிழிங்க. ரெண்டாவது, அவங்ககிட்ட மன்னிப்புக் கேளுங்க, எல்லார் முன்னாடியும். மூணாவது, இன்னிக்கு மேடையில பேசப் போறது நீங்க இல்ல. அவங்க."

"அப்ப நான் எங்க உட்காரறது?"

"உங்களால எங்கயும் உட்கார முடியாது சார். ஓரமா நில்லுங்க."

*

பதினொன்று.

விளக்குகள் எரிந்தன. நூறு காமிராக்கள் கண் சிமிட்டின.

கீலம்மா மேடையில் தனியாக நின்றார். முதலாளி எல்லார் முன்னாலும் கேட்ட மன்னிப்பில் காது இன்னும் சிவந்திருந்தது.

"வணக்கம். இது ஏழாவது. முந்தினத விட... நூத்தம்பது கிராம் கூட."

மேடை ஓரத்தில் மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார்.

"நாங்க எடுத்ததுல சிலது எடுத்திருக்கக் கூடாது. திருப்பி வெச்சிருக்கேன். விசிறி ஒண்ணு. ஓட்டை அஞ்சு. டைப் அடிச்சா விசை நல்லா அமுங்கும். மடியில வெச்சா மடி மடியா இருக்கும்."

மூன்றாம் வரிசையில் ஒரு நிருபர் எழுந்தார். மடியில் மெல்லிய கணினி. தோளில் பிதுங்கி வழியும் பை.

"அப்ப இந்த வயர்ப் பை...?"

"வீசிடுங்க தம்பி."

நிருபர் பையைக் கழற்றினார். உயரத் தூக்கினார். பின்வரிசையை நோக்கி வீசியே விட்டார்!

அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி கைத்தட்டல். இன்னொரு பை பறந்தது. அப்புறம் இன்னொன்று. வயர்கள் கூரை வரை எழுந்து விழுந்தன. மாப்பிள்ளை ஒற்றைக் கண்ணைத் திறந்தார். அடுத்த நொடி, "அத்தை எங்க அத்தை!" என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் கை குலுக்க ஆரம்பித்துவிட்டார்.

இன்ஸ்பெக்டரம்மாவும் தட்டினார். தட்டிக்கொண்டே முதலாளியின் பக்கம் சாய்ந்தார்.

"சார்... எல்லாம் சரி. அந்த மெலிசு இப்ப எங்க இருக்கு?"

முதலாளி மேலே பார்த்தார். கீழே பார்த்தார். காலையிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு.

"தூக்கிப் போட மனசு வரலம்மா. எட்டு மணிக்கு... எதிர்க் கம்பெனி வாசல்ல, அந்த முதலாளி கார் மேல 'மறந்து' வெச்சுட்டு வந்துட்டேன். ரெண்டு வருஷமா எங்க டிசைனத் திருடப் பார்க்கறாரு, பாவம். ஆசை ஆசையா எடுத்துக்கிட்டு மேல ஓடினாரு. நான் மரத்துக்குப் பின்னாலேர்ந்து பார்த்தேன்."

"அடப் படுபாவி மனுஷா...!"

அரங்க வாசலிலிருந்து ஏட்டு ஓடி வந்தார். முப்பது வருடப் பணியில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. மீசை துடித்தது. அடக்க முடியாத சிரிப்பு.

"அம்மா! ஒயர்லெஸ்ல அவசரச் செய்தி! எதிர்க் கம்பெனி முதலாளி புகார் குடுக்கணும்ங்கறாரு!"

"என்னவாம் ஏட்டய்யா?"

"யாரோ அவரு அடிமடியிலயே கை வெச்சுட்டாங்களாம்!"