கடலுக்கு முதுகு காட்டாதவள்

பூனாவில், ஹடப்சர் ஃப்ளாட்டின் கதவைத் திறந்ததுமே ஜான்சிக்கு மீன் வாடை குப்பென்று அடித்தது. காலையில் பூட்டிப் போன வீடு. மீன் வாங்கி எத்தனையோ நாளாயிற்று. ஒருத்திக்காக என்னத்தைச் சமைப்பது? கணவன் ஜோபின் சரக்குக் கப்பலில் வேலை. புயலில் மாட்டிய அந்தக் கப்பலிலிருந்து சேதியே இல்லை. கம்பெனிக்காரனைக் கேட்டால் "பொறுங்க மேடம்" என்கிறான். பொறுத்துப் பொறுத்து அவளுக்குத் தூக்கமே போய்விட்டது.

வெளியே மழை கொட்டியது. வேலையிலாவது மனதை வைப்போம் என்று லேப்டாப்பைத் திறந்தாள். ஸ்காட்லாந்தில் ஏதோ ஒரு கடற்கரை ஊர். அந்த ஊர் மியூசியத்துக்காகப் பழைய துறைமுகப் படங்களில் கறை நீக்கிக் கொடுக்கிறாள். ஹெர்ரிங் மீனைப் பிடித்தே வாழ்ந்த ஊராம். படகுகள், பீப்பாய்கள், கடலுக்குள் நீண்ட கல்சுவர் எல்லாம் பளிச்சென்று இருந்தன.

டீம் லீட் காவ்யா போனில் வந்தாள். பூனாவில் பிறந்தவள், தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும்.

"ஜான்சிக்கா, நீங்க அனுப்பின போட்டோல சுவத்து மேல நின்ன லேடி எங்க? மியூசியத்துல கேக்கறாங்க."

"லேடியா? ஈரக் கறைன்னுல்ல துடைச்சேன்!"

"அரே, அவதான் அந்த போட்டோவே! புயல்ல மாட்டின புருஷனுக்காக நிக்கறா. அந்த ஊர்ல அப்டிதானாம். படகு வர்ற வரைக்கும் கடலுக்கு முதுகு காட்டக் கூடாது. காட்டினா அவன் வரமாட்டான்."

பாவி, அவள் நிற்க இடமில்லாமல் பண்ணிவிட்டேனே! கை வைக்காத பழைய பிரதியிலிருந்து எடுத்து ஒட்டிவிடலாம் என்று ஜான்சி அதைத் திறந்தாள்.

அதிலும் சுவர் காலியாக இருந்தது.

வாடை இப்போது பால்கனியிலிருந்து வந்தது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒருத்தி நின்றாள். தலையில் கனத்த சால்வை. பாவாடை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மழைக்குள் மங்கிய ஹடப்சர் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. ஜோபின்! ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏட்டி ஜான்சி, கேக்குதா? எஞ்சின் நின்னுட்டு. உள்ள தண்ணி ஏறுது. ஒரு கப்பல் வருதாம், பயப்படாத..."

பால்கனியில் நின்றவள் மெல்லத் திரும்பினாள்.

லைன் அறுந்தது.

"ஐயோ, திரும்பாதம்மா! எங்க வீட்டுக்காரவுக இன்னும் வரலியே!"

அவள் காதில் வாங்கவில்லை. எத்தனை காலமாய் நின்று சலித்த கால்களோ, தளர்ந்து தளர்ந்து உள்ளே வந்தாள்.

ஜான்சி யோசிக்கவில்லை. ஓடிப்போய் அவள் நின்ற இடத்தில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்தாள். பூனாவில் கடல் ஏது? இருந்தும் நின்றாள்.

பின்னால், தரையில் ஈரக் காலடிகள். நாற்காலி இழுபட்டது.

போன் அடித்தது.

ஜான்சி திரும்பவில்லை. ஜோபின் வாசலுக்கு வந்து சேரும்வரை திரும்பவும் மாட்டாள்.

உள்ளே போனை எடுக்கும் சத்தம். மணி நின்றது.

"ஏட்டி, அந்தக் கப்பல்காரவுக எங்களத் தூக்கிட்டாவ! வீட்டுக்கு வந்துருதேன்!" ஸ்பீக்கரில் ஜோபினின் குரல் அழுதது.

"சீக்கிரம் வாங்க," என்று உள்ளேயிருந்து பதில் போனது. "ஒத்தையில இருக்க முடியல."

அது ஜான்சியின் குரல்.