இந்திராணி இன்னும் சொல்லாதது

சித்தூரில் மாம்பழக்கூழ்த் தொழிற்சாலைகள் ஓடுகிற மாதங்களில் தெரு முழுக்கப் புளித்த இனிப்பு வாடைதான். அந்த வாடையில், பட்டப்பகலில், தாட்சாயணி மகனுக்குத் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு இந்திராணியின் குரல் கேட்டது.

“தாட்சாயணி, கதவ தெறம்மே. ரெண்டு நாளா உள்ள இன்னா பண்ணிக்கினு கீற?”

திரும்பினாள். பேசியது மகன் லோகேஸ்வரன். இருபத்துநாலு வயது, ஆட்டிசம். சொந்தமாக ஒரு வார்த்தை வராது. காதில் விழுந்ததை, விழுந்த குரலிலேயே, என்றைக்கோ ஒருநாள் திருப்பிச் சொல்வான். வேலூர் பஸ் கண்டக்டர், டிவி விளம்பரம், இவளுடைய வசவு. கேட்காத எதையும் சொன்னதே இல்லை, பாவி மகன்.

ஜன்னலுக்கு ஓடினாள். “யக்கா, எப்பனா எங்கூட்டுக் கதவ தெறக்கச் சொல்லிக் கத்துனியா?”

“நான் இன்னாத்துக்குக் கத்தப் போறேன்?” பையும் கையுமாக நின்ற இந்திராணி சிரித்தாள். “பலமனேர்ல தங்கச்சி வூட்டுக்குப் போய்க்கினு கீறேன். ரெண்டு நாள்ல வந்துடுவேன்.” போய்விட்டாள்.

தாட்சாயணியின் கை இடுப்புச் சாவியைத் தொட்டது. போன வருஷம் அவன் ஹைவேக்கு ஓடி லாரி முன்னால் நின்றதிலிருந்து கதவுக்கு உள்பக்கம் பூட்டு. தனக்குப் பிறகு இவனுக்கு யார் என்று அழாத நாள் கிடையாது. அப்போது இந்தப் பூட்டை யார் திறப்பது என்று மட்டும் அவள் யோசிக்கவில்லை.

மூலையில் ஆடிக்கொண்டே அவன் அடுத்த குரலை எடுத்தான். ஆண் குரல், தெலுங்கு. “தலுப்பு பகலகொட்டண்டி.” கதவை உடைக்கச் சொல்கிற குரல். மரம் பிளக்கும் சத்தம். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு அலறும் இந்திராணியின் குரல்: “ஐயோ, புள்ள பக்கத்துலயே ஒக்காந்துகினு கீதே!”

இனிமேல் கேட்கப்போவதைச் சொல்கிறான்.

சாவி. கதவு. நாலே எட்டு.

நெஞ்சை இறுக்கியது. மூன்றாவது எட்டில் தரை முகத்தில் மோதியது.

சாவியை எடு என்று சொல்லப் பார்த்தாள். வாய் அசையவில்லை.

அவன் தட்டோடு வந்தான். பசி. பிறந்ததிலிருந்து அவள் ஊட்டினால்தான் சாப்பிடுவான். பக்கத்தில் சம்மணமிட்டு, அவள் கையை எடுத்துச் சோற்றில் வைத்துப் பிசைந்தான். சூடு அவள் விரலுக்குத் தெரியவில்லை. வாய்வரை தூக்கினான். சோறு உதிர்ந்தது. கை விழுந்தது.

மறுபடி எடுத்தான்.

ஜன்னலில் வெளிச்சம் போயிற்று. வந்தது. ஈக்கள். விரல்கள் இப்போது மடங்கவில்லை. அவன் அந்தக் கையைத் தூக்கித் தன் உதட்டில் வைத்துக்கொண்டான்.

அவள் குரலிலேயே சொன்னான்.

“துன்னு கண்ணு. அம்மா கீறேன்ல.”