காபி குடித்துவிட்டு வந்தவன்

பன்னிரண்டு மணி நேரமாகப் பட்டினி கிடப்பவளின் பக்கத்தில் ஒருத்தன் ஆவி பறக்கும் காபியோடு வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? லெஸ்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டெஸ்டுக்கு வர்றவங்க காபி குடிக்கக் கூடாது. தெரியாதா?"

"ஐயய்யோ... பழக்க தோஷம். பாதி காலி."

கனடாவின் வின்னிபெக் நகரத்து மழையில் நனைந்த இமைகள்... கீழே சிரிக்கிற சாம்பல் நிறக் கண்கள். கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளவே அவளுக்குச் சிரமமாக இருந்தது.

"நான் ஈனார். எடை குறையணும்னு வயித்துல முக்கால்வாசிய எடுத்துட்டாங்க. உங்களுக்கு என்ன எடுத்தாங்க?"

இப்படியா கேட்பது! ஆனாலும் பதில் வந்துவிட்டது.

"சினைப்பை, ரெண்டும். எங்க குடும்பத்துல புற்றுநோய் வரிசையா வருது. எனக்கும் வந்துடக் கூடாதுன்னு முன்கூட்டியே எடுத்துட்டாங்க."

அறுவை சிகிச்சைக்குப் பிறகு ரத்தக்குழாய் என்ன ஆகிறது என்று பார்க்கும் ஆய்வு அது. கையில் பட்டை கட்டி ஐந்து நிமிடம் இறுக்குவார்கள். தளர்த்தியதும் குழாய் எவ்வளவு விரிகிறது என்று அளப்பார்கள். எடை குறைந்த அவனுக்கு நன்றாக விரியும். முப்பத்தேழு வயதிலேயே மாதவிடாய் நின்றுபோன அவளுக்கோ இதயத்துக்கு ஆபத்து கூடலாம்.

"அப்ப ஆளுக்கொரு திசையில போறோம்," என்றான் அவன் ஆச்சரியமாக. "பெரோகி கொழுக்கட்டை சாப்பிட வர்றீங்களா? எனக்கு மூணுக்கு மேல இறங்காது. மிச்சத்துக்கு ஆள் வேணும்."

சிரிப்பு வந்தது... கூடவே தாராஸின் ஞாபகமும். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் மாதம் அவளை விட்டுப் போன கணவன்.

"எனக்குக் குழந்தை பிறக்காது. நாளைக்கு இதயமும் மக்கர் பண்ணலாம். பாவம் பார்த்துக் கூப்பிடாதீங்க."

"பாவமா? வந்ததும் வராததுமா என்னைத் திட்டினீங்களே, உங்களைப் பார்த்தா?"

அவள் பதில் சொல்வதற்குள் நர்ஸ் வந்தாள். காபி குடித்த குற்றத்துக்கு அவனை அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டு லெஸ்யாவை உள்ளே அழைத்துப் போனாள்.

கையில் பட்டை இறுகியது. போயிருப்பான்... போகட்டுமே, எனக்கென்ன? ஐந்து நிமிடமும் இதே நினைப்பு.

"குழாய் விரியறது போன தடவையைவிடக் கொஞ்சம் குறைஞ்சிருக்கு," என்றாள் நர்ஸ். "டாக்டர் பேசுவார்."

வெளியே வந்தால், அதே நாற்காலியில் ஈனார்.

"உங்களத்தான் போகச் சொல்லிட்டாங்களே?"

"உங்க டெஸ்ட் என்னாச்சுன்னு தெரியாம எப்படிப் போறது?"

அவளுடைய வீம்பெல்லாம் கரைந்தது.

"குறைஞ்சிருக்காம்... பயமா இருக்கு, ஈனார். ஆனா உள்ள படுத்திருந்தப்ப அதைவிடப் பெரிய பயம், நீங்க போயிருப்பீங்களோன்னுதான்."