புயலா, துறைமுகமா?

நாற்பது நிமிடம். ஒரு மனிதன் இரண்டு பெட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் நிற்க முடியுமா? முடியும் என்று காட்டிக்கொண்டிருந்தான் ஒருவன். முகப்பேர் கிழக்கில், மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் சுலைமான் பாயின் விளையாட்டுச் சாமான் கடையில், வழியை அடைத்துக்கொண்டு.

தீபிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே விடாத மழை. ஆவடி பஸ் இரண்டு போய்விட்டன. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பெட்டி. கடையில் இருந்ததும் அந்த ஒன்றுதான்... அது அவனுடைய வலது கையில் இருந்தது.

‘நாவாய்’ என்று ஒரு சீட்டாட்டம். எல்லாரும் ஒரே மாதிரி பத்து அற்பச் சீட்டுகளோடு தொடங்குவார்கள். ஆட ஆட, நடுவில் விரித்திருக்கும் கப்பல்களையும் மாலுமிகளையும் வாங்கித் தங்கள் கட்டில் சேர்த்துக்கொள்வார்கள். கலைத்துப் போட்டு மறுபடி ஆடுவார்கள். யாருடைய கட்டு வலுக்கிறதோ அவருக்கு வெற்றி. அந்த ஆட்டத்தோடு சேர்த்து ஆட இப்போது இரண்டு கூடுதல் பெட்டிகள் வந்திருந்தன. ‘புயல்’ வாங்கினால் அடுத்தவர் கப்பலைக் கவிழ்க்கலாம். ‘துறைமுகம்’ வாங்கினால் யாரையும் சீண்டாமல் அவரவர் வேலையைப் பார்க்கலாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மூன்று மாதமாக எல்லா ஆட்டத்திலும் ஜெயித்துவிட்டு ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் முழுக்க விசிலடித்துக்கொண்டு திரியும் அண்ணன் வினோத்தைக் கவிழ்த்தாக வேண்டும். புயல்தான்.

சுலைமான் பாய் குரலைத் தாழ்த்தினார். “இன்னிக்கு நேத்து இல்லமா... மூணு வாரமா வந்துகினு கீறாரு. எடுப்பாரு, படிப்பாரு, வெச்சிட்டுப் பூடுவாரு.”

அவ்வளவுதான். தீபிகா நேராகப் போய் அவன் முன்னால் நின்று, புயலை வாங்கப் போகிறாரா இல்லையா என்று கேட்டாள். அவன் நிமிர்ந்தான். பெரிய கண்கள்... தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டதைப் போல அவளைப் பார்த்தன. ஒரு நொடி, கேட்ட கேள்வி அவளுக்கே மறந்துபோயிற்று. சே, என்ன கண்களோ...

“இல்லங்க... ஒரு நிமிஷம்... உங்ககிட்ட இருக்கிறது பழைய பிரிண்ட்டா, புதுசா?”

ஓஹோ, பரீட்சை வைக்கிறானா? பெண் என்றால் ஆட்டம் தெரியாது என்ற நினைப்பா?

“எனக்கு ஆட்டம் நல்லாவே தெரியும்ங்க. உங்களுக்குத்தான் வாங்கத் தெரியல” என்று பெட்டியை அவன் கையிலிருந்து உருவி, பணம் கட்டிவிட்டுப் படியிறங்கினாள். அவன் பின்னாலேயே மழையில் ஓடிவந்து ஏதோ சொன்னான். அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, நடுரோட்டில் தொப்பலாக நனைந்துகொண்டு உள்ளங்கையை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிக் காட்டினான். சரியான லூசு என்று முடிவு கட்டினாள்.

மறுநாள் காலை பெட்டியைப் பிரித்ததும் புரிந்தது. அவளிடம் இருந்த பழைய சீட்டுகளின் முதுகு கருநீலம். புதிதாக அச்சடித்த புயல் சீட்டுகளின் முதுகு வெளிர்நீலம். எப்படிக் கலைத்துப் போட்டாலும் கட்டுக்குள் புயல் எங்கே இருக்கிறது என்று எதிராளிக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். முன்கூட்டியே வானிலை அறிக்கை கொடுத்துவிட்டுத்தான் புயல் அடிக்குமா என்று வினோத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிரித்த பெட்டியை சுலைமான் பாய் திருப்பி எடுக்கமாட்டார். கடைச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியே ஒட்டியிருக்கிறார்.

அந்த லூசு இதைத்தான் சொல்ல வந்திருக்கிறான். அதை நினைக்க நினைக்க அவளுக்கு அவன் மேல்தான் கோபம் வந்தது. சொல்வதைச் சட்டென்று சொல்லித் தொலைத்திருக்கலாம் இல்லையா?

அடுத்த ஞாயிறு கடைக்குப் போனாள். அவனைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. துறைமுகத்தின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றிருந்தான். நடந்ததைச் சொன்னாள்; மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் வரவில்லை. அவனாவது ஜெயித்த முகத்தைக் காட்டியிருக்கலாம். நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பாள். அவனோ, “என்கிட்ட இருக்கிறது புது பிரிண்ட்டுங்க... உங்க புயல் அதோட சேரும். நீங்க சரின்னா...” என்று வாக்கியத்தைக்கூட முடிக்காமல் நின்றான்.

“சரி” என்று அவளே முடித்துவைத்தாள்.

பெயர் கோகுல்நாத். நொளம்பூரில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பம். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இரும்பு அச்சுகளுக்குப் படம் வரையும் வேலை. அங்கே ஒரு மயிரிழை தப்பினாலும் அச்சு வீணாகிவிடுமாம். அந்தப் பயத்தை ஞாயிற்றுக்கிழமையும் கூடவே கூட்டி வந்துவிடுகிறான் போலிருக்கிறது.

கடையின் சுவரோர மேசையில் ஆட்டம் தொடங்கியது. அவனுடைய நாவாய், அவளுடைய புயல். ஒரு சீட்டைக் கீழே வைக்க அவனுக்கு ஐந்து நிமிடம். சுலைமான் பாய் வாங்கித் தரும் டீயில் ஆடை படர்ந்துவிடும்.

“ஆடுறீங்களா... இல்ல நான் வீட்டுக்குப் போய்ட்டு வரட்டுமா?”

“போய்ட்டு வாங்க... ஆனா வந்துடுங்க.”

இப்படிச் சொல்கிறவனிடம் எப்படிக் கோபப்படுவது? வரிசையாக அவன் கப்பல்களைக் கவிழ்த்தாள். கவிழ்ந்த கப்பலை வருத்தமாகப் பார்ப்பான். பிறகு அவளைப் பார்ப்பான். அந்தக் கண்களில் வருத்தம் துளியும் இருக்காது. ஒரு ஞாயிறு இரண்டாயிற்று, மூன்றாயிற்று. திங்கள் முதல் சனி வரை அலுவலகத்தில் எந்தக் கோப்பைத் திறந்தாலும் அந்தக் கண்கள்தான் நின்றன. அவனுக்கும் அப்படித்தான் என்று அவள் மனசுக்குப் பட்டது. ஆனால் வாயைத் திறக்க வேண்டுமே... சொல்லித் தொலையேன்டா என்று உள்ளுக்குள் கத்துவாள். அவன் “இந்த மாலுமிய இப்ப எடுக்கலாமா, அடுத்த சுத்துல எடுக்கலாமா” என்று கேட்பான்.

இதற்கிடையில் வீட்டில் வேறு ஒன்று கிளம்பியது. மார்ச்சில் அப்பாவுக்கு ஃபேக்டரியில் ரிட்டயர்மெண்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்கு முன்னால், அப்பா சர்வீஸில் இருக்கும்போதே பெண் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று அம்மா சாவித்திரி ஒற்றைக்காலில் நின்றாள். வானகரத்திலிருந்து ஒரு குடும்பம் அடுத்த ஞாயிறு பெண் பார்க்க வருவதாகப் பேசிவிட்டாள். தீபிகாவால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. யாருக்காகச் சொல்வது? இதுவரை ஒரு வார்த்தை பேசாதவனுக்காகவா? தானாகப் போய்க் கேட்கவும் மானம் இடம் கொடுக்கவில்லை.

ஆறாவது ஞாயிறு அவனிடம் விஷயத்தைச் சொன்னாள். சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். வெளியே மழை ஓடுகளில் சடசடத்தது. அவன் கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தான்... எடுத்தான்... மறுபடி வைத்தான்.

“அப்போ... அடுத்த வாரம் ஆட்டம் இல்லையா?”

மேசையையே தூக்கி அவன் தலையில் போடலாம் போலிருந்தது. இவனுக்காகவா ஆறு வாரம் மழையில் நனைந்து வந்தேன்? புயல் சீட்டுகளைப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கினாள். கண்ணில் நீர் முட்டியது. அதை அவன் பார்த்துவிடக் கூடாதே என்று குனிந்தே இருந்தாள்.

அப்போது அவன் பையைத் திறந்து நாலு பொட்டலங்களை அவள் முன்னால் வைத்தான். சீட்டுகளுக்குப் போடும் உறைகள். முன்பக்கம் கண்ணாடி மாதிரி, பின்பக்கம் கறுப்பு. ஒவ்வொரு சீட்டையும் இதில் நுழைத்துவிட்டால் கருநீலமாவது வெளிர்நீலமாவது, எல்லாம் ஒரே முதுகுதான். அவளுடைய புயலை அவளுடைய பழைய நாவாயோடு சேர்த்து வீட்டிலேயே ஆடலாம்.

“இனிமே நான் இங்க வரத் தேவையில்லன்னு சொல்றீங்க” என்றாள்.

“இல்லங்க... மொத வாரமே ஆன்லைன்ல வாங்கிட்டேன். குடுத்தா நீங்க வரமாட்டீங்கன்னு பையிலயே வெச்சிகினு சுத்துனேன். தப்புதான்.” மூச்சு வாங்கினான். ஆனால் நிறுத்தவில்லை. “இப்ப உங்க வீட்ல பெரிய பேச்சு நடக்குது. நீங்க இந்தப் பெட்டிக்காகத்தான் வர்றீங்கன்னா, நான் உங்கள மறிச்சி வெச்சிருக்கக் கூடாது. ஆனா எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு தீபிகா. இதுல எனக்கு யோசனையே இல்ல.”

தீபிகா பெட்டியைக் கீழே வைத்தாள். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“கொஞ்சம் திரும்பி மேல பாருங்க.”

அவன் திரும்பினான். அவன் நாற்காலிக்குப் பின்னால், சுவரில் அடித்திருந்த கொக்கிகளில், அதே உறைப் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்கின.

“ஆறு வாரமா உங்க தலைக்கு மேலதான் தொங்குது. எதிர்ல உக்காந்திருந்தது நான். எனக்குக் கண்ணு நல்லாவே தெரியும்.”

புரிந்துகொள்ள அவனுக்கு நேரம் பிடித்தது. புரிந்ததும் காது இரண்டும் சிவந்துபோயின. சுலைமான் பாய் அவசரமாக அந்தப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே அடுக்கியிருந்த பெட்டிகளை மறுபடி அடுக்கினார். தீபிகா போனை எடுத்தாள்.

“அம்மா... வானகரத்துக்காரங்களுக்குப் போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடும்மா. ஆமா, ஒருத்தர் இருக்காரு... இன்னிக்கே கூட்டிட்டு வர்றேன், நீங்களே பாருங்க. நல்லவருதான்மா. சமையல மட்டும் சீக்கிரம் முடிச்சிடு. அவரு ரொம்ப மெதுவாச் சாப்புடுவாரு.”