புகை போன இடம்

செஞ்சியில் வாடகைக்குப் பிடித்த குட்டியானை வண்டி சிங்கவரத்து வீட்டு வாசலில் வந்து நின்றபோது வெயில் தணிந்திருந்தது. மலைப்பாறைகளின் நிழல் வேர்க்கடலைக் கொல்லைகள் வரைக்கும் நீண்டு கிடந்தது. சுவாதி முன் சீட்டிலிருந்து இறங்கினாள். நாளெல்லாம் மருந்துக்கடையில் நின்ற கால்கள் கெஞ்சின. அவள் பி.எஸ்சி. இயற்பியல். அந்த வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஊரே மெச்சிய படிப்பு கடைசியில் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கத்தான் உதவியது. அதைச் சொன்னால் 'பொம்பளைக்கு இதுவே ஜாஸ்தி' என்று பதில் சொல்ல ஊரில் ஆள் தயாராக இருந்ததால், அவள் யாரிடமும் சொல்வதில்லை.

உள்ளேயிருந்து இருமல் கேட்டது. முதலில் இருமல் வந்தது, அதற்குப் பின்னால் அம்மா வள்ளியம்மாள் வந்தாள்.

"இன்னாடி இது, தண்ணி பேரலா?"

"அடுப்பும்மா. பொக வராத அடுப்பு."

"நெருப்புன்னு இருந்தா பொக இல்லாம? காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று கேட்டுவிட்டு வள்ளியம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதவில் சாய்ந்தாள்.

கோட்டை பார்க்க வருகிறவர்களுக்கு அவித்த மல்லாட்டை விற்கிறவள் வள்ளியம்மாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கொல்லைப்புறத்தில் மூன்று கல்லைக் கூட்டி, அண்டாவில் கடலை அவித்து, அந்தப் புகையைத் தின்றே நுரையீரலைத் தீய்த்துக்கொண்டவள். 'இனிமேல் புகை ஆகாது. இதே மாதிரி போனால் அடுத்த மழைக்காலம் தாங்காது' என்று விழுப்புரத்து டாக்டர் சொல்லிவிட்டார். அண்டாவுக்கு கேஸ் அடுப்பு சரிப்படாது. தொழிலை விடு என்றால் அம்மா கேட்க மாட்டாள். தன்னைப் பெற்ற உயிர் கண்ணெதிரே மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன சுவாதி கடைசியில் அடுப்பையே மாற்றுவதென்று முடிவெடுத்தாள்.

செல்போனில் தேடினால் பளபளவென்று எத்தனையோ புகையில்லா அடுப்புகள் வந்தன. எல்லாம் புல்தரையில் நாற்காலி போட்டுக் குளிர் காய்கிறவர்களுக்குச் செய்தவை. அண்டாவைத் தூக்கி வைத்தால் அப்பளமாய் நொறுங்கும். அதனால் அவளே படம் போட்டு ரசூல் பாயின் வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போனாள். ஒரு டிரம்முக்குள் இன்னொரு டிரம். இரண்டுக்கும் நடுவே காற்று ஏற இடைவெளி. அடியில் ஓட்டைகள், உள் டிரம்மின் மேல் விளிம்பைச் சுற்றி ஒரு வரிசை ஓட்டைகள்.

"இன்னா பாப்பா, ராக்கெட் வுடப் போறியா?" என்றார் ரசூல் பாய்.

"பொகைன்னா எரியாம தப்பிச்சுப் போற விறகு, பாய். மேல் ஓட்டைல சூடான காத்து வந்தா அதுவும் எரிஞ்சிடும். தப்பிக்க முடியாது."

அடித்தட்டுக்குப் புதுக் கம்பி போடலாம் என்றார் அவர். அது மெலிசாக இருந்தது. அண்டா பாரத்தில், அந்தச் சூட்டில் வளைந்துவிடும் என்று சுவாதிக்குத் தோன்றியது. பட்டறை மூலையில் பழைய இரும்புக் குவியலில் கருத்துத் தடித்த கம்பிகளால் ஆன ஒரு சட்டம் கிடந்தது. எவ்வளவோ நெருப்பைப் பார்த்த இரும்பு. நடுக் கம்பி மட்டும் கொஞ்சம் வளைந்திருந்தது.

"இது எங்கேர்ந்து வந்துது?"

"காயலான்கடைக்காரன் போட்டுட்டுப் போனான். யாரு கண்டா? ஆனா கெட்டி. இதுக்குமேல யானையையே வெக்கலாம்."

"இதையே வெட்டிப் போடுங்க" என்றாள் சுவாதி.

அடுப்பு வந்து இறங்கிய அன்று சாயங்காலமே மூட்டினார்கள். ஈர விறகு கூடாது, மேல் ஓட்டையைத் தாண்டி விறகு ஏறக்கூடாது, தட்டில் சாம்பல் அடையக்கூடாது. விதி இவ்வளவுதான். காய்ந்த வேலிக்காத்தான் கட்டைகளை அடுக்கிப் பற்றவைத்ததும் வெள்ளைப் புகை சுருண்டு வந்தது. வள்ளியம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு "பாத்தியா, நான் சொல்லல?" என்றாள். அப்போது மேல் வரிசை ஓட்டைகள் ஒவ்வொன்றாகப் பற்றின. டிரம் சுவரிலிருந்து நடுவை நோக்கி நெருப்பு நாக்கு நீட்டியது. புகை அறுத்தாற்போல நின்றது.

"எங்கடி போச்சு?"

"எரிஞ்சி போச்சும்மா."

வள்ளியம்மாள் வானத்தைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். நம்பாதவள் முகம். ஆனால் கடலை வெந்து இறக்கும்வரைக்கும் அவள் இருமவில்லை. படுத்த பிறகும் இருமவில்லை. சுவாதி எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அடித்துப்போட்டாற்போலத் தூங்கினாள்.

மறுநாள்தான் வாசனையைக் கவனித்தாள். விறகு எரிகிற வாசனை இல்லை. வரட்டியும் நெய்யும் கருகுகிற வாசனை, அடியில் ஈரச் சாம்பல் நெடி. அதற்குப் பிறகு சத்தம்.

ஈஸ்... என்று உள்ளே இழுத்தது.

நின்றது.

ஊம்... என்று வெளியே விட்டது.

காற்று ஏறுகிற சத்தம் என்று தனக்குத்தானே பாடம் நடத்திக்கொண்டாள் சுவாதி. காற்று ஏறினால் ஒரே சீராக ஏறும். இது இழுத்தது, இளைத்தது, கடைசியில் ஒரு சின்ன விக்கலோடு முடிந்தது. அம்மாவின் நெஞ்சில் கேட்ட இளைப்பு இப்போது டிரம்முக்குள் கேட்டது.

அடுப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்த வள்ளியம்மாள் சிரித்தாள்.

"உங்க நைனா மாதிரியே இல்ல?" என்றாள் மெதுவாக. "அந்த மனுசன் படுத்தாக்கா இப்பிடித்தான் இழுக்கும்."

நைனா கல்குவாரியில் வேலை செய்தவர். கல்தூசி நெஞ்சை அடைத்து, இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்.

சுவாதி குடத்துத் தண்ணீரைத் தூக்கி அடுப்பில் ஊற்றினாள்.

நெருப்பு சீறி அடங்கியது. அதே நொடி வள்ளியம்மாள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் சரிந்தாள். வாய் திறந்திருந்தது, காற்று போகவில்லை. உதடு நீலம் பாரித்தது. சுவாதி இன்ஹேலரை எடுத்து வந்து அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். மருந்து வாயோரம் வழிந்தது. 'அம்மா, அம்மா' என்று கத்துவது தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுப்புக்குள் நனைந்த கரியின் அடியில் ஒரு கனல் கண் விழித்தது.

ஈஸ்...

வள்ளியம்மாள் மூச்சை இழுத்தாள்.

தற்செயல் என்று சொல்லிக்கொள்ள சுவாதிக்கு ஆசைதான். படித்த புத்தி சும்மா இருக்கவில்லை. அடுத்த நாள் விறகு போடாமல் நெருப்பைத் தாழவிட்டாள். அம்மாவுக்கு மூச்சுத் திணறல் தொடங்கியது. விறகு போட்டதும் தெளிந்தது. பெற்ற தாயைச் சோதனைக்கு வைத்துப் பார்த்த கையை அடுப்பிலேயே வைத்துப் பொசுக்கத் தோன்றியது அவளுக்கு.

அதற்குப் பிறகு அந்த நெருப்பு அணையவில்லை. அணையவிடவில்லை. விடியலில் எழுந்து விறகு, வேலைக்குக் கிளம்புமுன் விறகு, வந்ததும் விறகு. பகலில் பக்கத்து வீட்டுக் கமலாம்பாள் அக்காவிடம் கெஞ்சிவிட்டுப் போவாள். "ஓம குண்டமாடி வளக்கற? எவனாவது சாமியார் வந்து குந்திக்கப் போறான்" என்று அக்கா கேலி செய்வாள், ஆனாலும் கட்டையைப் போடுவாள். வேலிக்காத்தான் முள் கிழித்துச் சுவாதியின் கை புண்ணாயிற்று. மருந்துக்கடையில் நின்றபடியே கண் செருகியது. முதலாளி ஏசினான். அவள் திருப்பி ஏசவில்லை. கோபப்படக்கூடத் தெம்பு வேண்டுமே.

அம்மா மட்டும் நன்றாக இருந்தாள். அடுப்போடு குசுகுசுவென்று பேசவும் ஆரம்பித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சேரன் சித்தப்பா தன் மகனின் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். நைனாவின் தம்பி. பத்திரிகையைக் கொடுத்துவிட்டு, பீடி பற்றவைக்க நெருப்புத் தேடிக் கொல்லைக்குப் போனவர் அடுப்புக்குள் குனிந்து பார்த்தார். பீடி வாயிலிருந்து விழுந்தது.

"இத எங்கேர்ந்து கொண்டாந்த?"

"பட்டறையில வாங்கனது. ஏன் சித்தப்பா?"

"அடிப்பாவி. இது நம்ம சுடுகாட்டு மேடைல கெடந்த கம்பிடி! பஞ்சாயத்துல புதுசு போட்டப்ப தூக்கிக் கடாசிட்டானுங்க. நடுக் கம்பி வளைஞ்சிருக்குது பாரு. எங்கண்ணன இதும்மேலதான் வெச்சோம்."

ஊரில் எந்த ஆம்பளையைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தாலும் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பான். சுவாதிக்கு எப்படித் தெரியும்? பிணம் முச்சந்தியைத் தாண்டினால் பெண்கள் திரும்பிவிட வேண்டும். நைனாவைத் தூக்கிப் போனபோது, 'நான் ஒரே பிள்ளை, நான்தான் கொள்ளி வைப்பேன்' என்று பின்னாலேயே ஓடியவளைத் தோளைப் பிடித்து நிறுத்தியதே இந்தச் சித்தப்பாதான். எரிக்கிற இடத்தைப் பார்ப்பது ஆண்கள் பாடு. திரும்பி வந்து வீட்டைக் கழுவுவது பெண்கள் பாடு.

ரசூல் பாய்க்குப் போன் போட்டாள். "அல்லா சத்தியமா தெரியாது பாப்பா. நாங்க பொதைக்கிறவங்க. சுடுகாட்டுக் கம்பி எப்பிடி இருக்கும்னு நான் எங்க கண்டேன்?" என்றார் அவர். குரல் உடைந்திருந்தது.

அவள் சித்தப்பாவிடம் திரும்பினாள். "மறுநாள் போயி பால் தெளிச்சி ஆத்துனீங்களா?"

சேரன் கீழே விழுந்த பீடியைக் குனிந்து தேடினார்.

"சொல்லு சித்தப்பா."

"அன்னிக்கு ராவெல்லாம் மழ பேஞ்சிது இல்ல? அதான் மழையே ஆத்திடுச்சேன்னு... தெளிக்கல. எலும்ப மட்டும் பொறுக்கினு வந்துட்டோம்."

அடுப்பு இழுத்து இழுத்து மூச்சு விட்டது. மூன்று பேரும் அதைக் கேட்டார்கள்.

வள்ளியம்மாள் மகளின் புண்ணான கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அணைச்சிடு" என்றாள் கிசுகிசுப்பாக. "எத்தினி நாளிக்கிடி நீ இப்பிடி முழிச்சிக்கினு கெடப்ப?"

"உனக்கு எதுனா ஆயிடுச்சின்னா?"

"ஆனா ஆவட்டும். அந்த மனுசனுக்கு எங்க மேல போறதுன்னு தெரியல. பொகைய வுட மாட்டேன்றியே நீ."

தண்ணீர் ஊற்றாமல், தானாக அடங்கட்டும் என்று விட்டாள். கனல் சாம்பல் பூக்கப் பூக்க அம்மாவின் மூச்சு மெலிந்தது. கமலாம்பாள் அக்காவை அம்மா பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, சூடு ஆறாத சட்டத்தை ஈரக் கோணியில் சுற்றினாள்.

"நீ வரக்கூடாது, பொம்பள" என்றார் சேரன்.

"ஆம்பளைங்க ஒழுங்கா செஞ்சிருந்தா நான் ஏன் வரேன்? வண்டிய எடு."

மொபெட்டில் அவர் முதுகுக்கும் அவள் மடிக்கும் நடுவே அந்த இரும்பு. கோணியைத் தாண்டி அது தொடையில் சுட்டது. முச்சந்தி வந்தது. சேரன் வேகத்தைக் குறைத்தார். "போ" என்றாள். தாண்டிப் போனார்கள்.

சுடுகாட்டில் மத்தியான வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு காக்கை கூட இல்லை. பழைய மேடை இருந்த மண்ணில் சட்டத்தை இறக்கி வைத்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த சொம்புப் பாலை வளைந்த கம்பியின் மேல் ஊற்றினாள்.

"நைனா, ஆறு" என்றாள். வேறு மந்திரம் அவளுக்குத் தெரியாது.

இரும்பு மூச்சை வெளியே விட்டது.

நீளமாக. நெஞ்சில் இருந்ததெல்லாம் தீர்கிற மாதிரி.

உள்ளே இழுக்கிற சத்தத்துக்காக இருவரும் காத்து நின்றார்கள். அது வரவில்லை.

கமலாம்பாள் அக்காவுக்குப் போன் போட்டாள். "அக்கா, அம்மா?"

"நல்லாத்தான் கீதுடி. எழுந்து குந்திச்சி. 'வேலை கெடக்குது, நீ போ'ன்னு என்னையே வெரட்டி வுட்டுது உங்கம்மா!"

சுவாதி அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள். துக்கமில்லை, வெறும் அசதி. தீட்டு என்றும் பாராமல் சேரன் அவள் தலையில் கை வைத்தார்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதால் பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போனாள். வள்ளியம்மாள் பழையபடி மூன்று கல்லைக் கூட்டி அண்டாவை ஏற்றியிருந்தாள். கிடைத்த பச்சை வேப்பங்கட்டையைச் செருகி ஊதிக்கொண்டிருந்தாள். அது கக்குகிற புகையில் கொல்லையே தெரியாமல் மறைந்திருக்க வேண்டும்.

கொல்லை பளிச்சென்று இருந்தது.

"அம்மா, இன்னா பண்ற? எழுந்து வா!"

"கத்தாத. நெஞ்சு கம்முனு கீது. இருமலே இல்ல."

பச்சைக் கட்டையிலிருந்து தடித்த வெள்ளைப் புகை எழுந்தது. அது மேலே போகவில்லை. காற்றடித்த பக்கமும் போகவில்லை. நூல் பிடித்தாற்போல நேரே அம்மாவின் முகத்துக்குப் போனது. மூக்கு வழியாக உள்ளே இறங்கியது. சுடுகாட்டில் காத்து நின்றும் வராத அந்த 'ஈஸ்...' இப்போது அம்மாவின் நெஞ்சுக்குள் கேட்டது. சுவாதி அது வெளியே வருவதற்காகத் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா அப்பிடி பாக்கற? அந்தக் கட்டைய எடு."

பேசினாள். வாயிலிருந்து பேச்சு மட்டும் வந்தது.

புகை உள்ளே போய்க்கொண்டே இருந்தது.