காணாமல் போன ஏழு கிலோ எண்ணெய்

காப்பி ஆறுவதற்குள் கண்டக்டர் வீட்டுக்கு வந்துவிட்டாள் அந்தப் பெண். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள், உடனே எழுந்தாள். பழத்தோல் கழிவில் நுண்ணுயிர்களை வளர்த்து, மீனில் கிடைக்கும் அதே நல்ல கொழுப்பை எண்ணெயாக எடுக்கிற சின்ன ஆலைக்கு அவள் முதலாளி.

"எட்டுக் கிலோ எண்ணெய் வரணும் மேடம். ஒரு கிலோதான் வந்திருக்கு. எண்ணெய் எடுக்கிற அறைச் சாவி என் தம்பிகிட்ட மட்டும்தான். போட்டிக் கம்பெனிக்காரன் வேற அவனைக் கூப்பிட்டுப் பேசியிருக்கான். தம்பி பையைத் துழாவிப் பார்த்தேன், ஒண்ணும் இல்ல. இன்னிக்கே கிளம்புடான்னுட்டேன். நாளைக்குக் குழந்தை உணவுக்காரங்க சாம்பிள் பார்க்க வர்றாங்க."

"தம்பியேதான்," என்றார் கண்டக்டர். பேருந்து வேலையை விட்டு வருஷக்கணக்கானாலும் நின்ற இடத்தில் நிற்க அவருக்கு வராது.

"சும்மா இருங்க. போய்ப் பார்ப்போம்," என்று செருப்பை மாட்டினார் அவர் மனைவி. உணவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இடி விழுந்தாலும் நிதானமாக எழுந்திருப்பார்.

ஆலையில் கண்டக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசலில் தம்பி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொட்டகையில் பழத்தோல் கூடைகள் நிரம்பி வழிந்தன, ஈ மொய்த்தது. தொட்டியைச் சுற்றிக் காய்ந்த நுரை.

"இந்தத் தடவை மூணு தரம் பொங்கிடுச்சுங்க. கழுவி மாளல," என்றாள் கழிவு பிரிக்கிற பெண்.

எண்ணெய் அறைப் பலகையில் தம்பியின் கையெழுத்து: காய்ந்த நுண்ணுயிர் இருபது கிலோ, எண்ணெய் ஒன்று, சக்கை பத்தொன்பது. கண்டக்டர் குறித்துக்கொண்டார். மனைவி சொன்னதால் சக்கை மூட்டையைத் தராசில் தூக்கியும் வைத்தார். பத்தொன்பதேதான். இதற்கா முதுகு பிடித்துக்கொண்டது என்று அவருக்கு எரிச்சல்.

எல்லோரையும் கொட்டகைக்கு வரச் சொன்னார் ஆய்வாளர்.

"ஏழு கிலோவை யாராவது களவாடியிருந்தா சக்கை எவ்வளவு மிஞ்சணும்?"

"பன்னண்டு," என்று முந்திக்கொண்ட கண்டக்டர் சட்டென்று வாயை மூடினார்.

"ஆனா பத்தொன்பது இருக்கு. எண்ணெய் காணாமப் போகல. உண்டாகவே இல்ல."

"தொட்டி எப்பவும் போலக் கெட்டியாத்தானே வளர்ந்துது?" என்றாள் முதலாளி.

"வளரும். புரதம் கிடைக்கிற வரைக்கும் இதுங்க பெருகிக்கிட்டே இருக்கும். புரதம் தீர்ந்து சர்க்கரை மட்டும் மிஞ்சினாத்தான் கொழுப்பு சேர்த்து வைக்கும். இங்க புரதம் தீரவே இல்ல, அதான் அந்த நுரை. பழத்தோல் எல்லாம் கூடையில அப்படியே கிடக்கு. அப்போ தொட்டிக்குள்ள போனது என்ன?"

கழிவு பிரிக்கிற பெண் தலையைக் குனிந்தாள். "அவிச்ச பயறுங்க. கேன்டீன்ல மிஞ்சினது. அரைச்சு விட்டா எல்லாம் ஒரே கூழ்தானேன்னு விட்டேன்."

"யார் சொன்னா?" முதலாளியின் குரல் உயர்ந்தது.

"நீங்கதாங்கம்மா. பெரிய ஆளுங்க வர்றாங்க, இந்தத் தடவை நல்ல சரக்காப் பார்த்துப் போடுன்னீங்க. அழுகின தோலைப் போட எனக்கு மனசு வரல."

கண்டக்டருக்கு இப்போது தம்பியை நிமிர்ந்து பார்க்கவே வெட்கமாக இருந்தது. முதலாளி தம்பியிடம் போனாள். "வந்தவங்களை ஒரு வாரம் பொறுக்கச் சொல்றேன்டா. நீ போகாத."

தம்பி சுற்றி வந்து, நுண்ணுயிர் இன்னும் வளர்ந்துகொண்டிருந்த இரண்டாவது தொட்டியை எட்டிப் பார்த்தான். "இதுலயும் பயறுதான் போயிருக்கு. இனிமே தோல்சாறு மட்டும் விட்டா, புரதம் தீர்ந்ததும் எண்ணெய் வைக்கும். அதுவரைக்கும் இருக்கேன்."

"அப்புறம்?"

"அப்புறம் தெரியலக்கா. திருடிட்டியாடான்னு நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பேன். நீ கேக்காமலே பையைத் திறந்துட்ட."

பழத்தோல் கூடையைத் தூக்கிக்கொண்டு அரவைக்குப் போனான். மறுபக்கக் கைப்பிடியைப் பிடிக்க அக்கா ஓடினாள். அவன் விலக்கவில்லை, அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை.