ஓரத்தில் நின்ற ஊர்

சிரிப்புச் சத்தம் பின்சீட்டிலிருந்து வந்தது.

செழியன் திரும்பவில்லை. திரும்பினால், அந்தச் சிரிப்பு தனக்குத்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்...

போடிமெட்டு மலைப்பாதையில் பாறை உருண்டு விழுந்திருந்தது. பூப்பாறை பஸ்சு ஒரு வளைவில் நின்று வெகு நேரமாகிவிட்டது. வெளியே மூடுபனி, ஜன்னலில் மழை. ஜேசிபி வரும் என்று கண்டக்டர் சொன்னார். எப்போது என்று கேட்டவரிடம், "வரும்போது வரும்ணே" என்றும் சொன்னார். பூப்பாறையில் மாமா வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பிய செழியன், வேறு சோலி இல்லாமல், மடியில் லேப்டாப்பைத் திறந்து, கண்மாயும் டீக்கடையுமாகத் தான் கட்டிய ஊரை அழகு பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுபடியும் சிரிப்பு.

"என்னங்க... என்ன வேணும்?" திரும்பியே விட்டான்.

திரும்பியிருக்கக் கூடாது. மலை, மரம், பாதை எல்லாம் பனியில் காணாமல் போயிருந்த அந்த வேளையில், உலகத்தில் தெளிவாகத் தெரிந்தவை இரண்டே இரண்டு கறுத்த கண்கள்தான். கேட்ட கேள்வி என்னவென்று அவனுக்கே மறந்துபோனது.

"அது என்ன செடி?" என்றாள் அவள், லேப்டாப் திரையைக் காட்டி.

"ஏலக்கா."

"உச்சியில தொங்குது?"

"காய்னா தொங்கத்தான செய்யும்?"

"அய்யே... ஏலக்கா தூருலங்க காய்க்கும். மண்ணை ஒட்டி. நீங்க எந்த ஊரு?"

"சிலமலை."

"போடிக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டா?"

தெருவெல்லாம் ஏலக்காய் மணக்கும் போடியில் பள்ளியும் கல்லூரியும் படித்தவன் செழியன். ஏலக்காயை அவன் நேரில் சந்தித்தது பாயசத்தில் மட்டும்.

"அது என் ஊரு. அங்க அப்படித்தான் காய்க்கும்," என்றான், கம்பீரமாக.

அவள் பெயர் சூர்யகலா. தேனியில் விடுதியில் தங்கிப் படிப்பவள். சனிக்கிழமைதோறும் இதே பஸ்சில், பூப்பாறைக்குப் பக்கத்து எஸ்டேட்டில் இருக்கும் வீட்டுக்குப் போவாள்.

"இது தொடுகரைதான? எங்க காலேஜ்லயும் குடுத்தாங்க. எங்கிட்டயும் ஒரு மலை இருக்கு," என்று போனை நீட்டினாள்.

தொடுகரை ஒரு விளையாட்டு. அதில் ஆளுக்கொரு உலகம் கட்டலாம். விதிகளை எழுதிவிட்டால் மண்ணும் மழையும் மனிதர்களும் தாமாக நடந்துகொள்வார்கள். இரண்டு பேரும் சம்மதித்தால், ஓர் உலகத்தின் ஓரம் இன்னொன்றின் ஓரத்தோடு ஒட்டிக்கொள்ளும். இதனால் படைப்பாற்றல் பெருகும் என்று கல்லூரி அறிவித்திருந்தது. அதுவரை பெருகியது, செழியனின் நண்பன் மொக்கையனின் உலகத்தில் பைக்குகள் மட்டுமே.

ஆனால் அவளுடைய மலை...

பனி மெல்ல நகர்ந்தது. நிழல் மரங்களில் தங்கி, சொட்டி, ஓடையாகி, பாறை தாவி இறங்கி... திரையின் விளிம்பில் மறைந்தது. செழியன் குனிந்து அந்த விளிம்பைப் பார்த்தான்.

"தண்ணி எங்க போகுது?"

"கீழ."

"கீழன்னா?"

"கீழதான். அங்கிட்டு ஒண்ணும் இல்ல."

"அங்கிட்டுத்தாங்க நாங்க இருக்கோம்!"

முதல்முறையாக அவள் தடுமாறினாள். "சரி... உங்க கண்மாய்க்குத் தண்ணி எங்கேருந்து வருது?"

"தெனமும் நான் ஒரு பட்டனை அமுக்குவேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரிப்பு ஒரே நேரத்தில் வந்தது.

"ஒட்டிப் பாப்பமா?" இதை யார் முதலில் கேட்டது என்பதில் இன்றுவரை இருவருக்கும் தகராறு உண்டு.

லேப்டாப்பும் போனும் பக்கத்தில் பக்கத்தில். ஓரம் ஓரத்தோடு சேர்ந்தது. மலையின் ஓடை விளிம்பைத் தாண்டி, நிலம் தேடி நெளிந்து, செழியனின் கண்மாயில் விழுந்தது. டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருந்த ஜனங்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக, தண்ணீர் வந்த வழியே ஏறத் தொடங்கினார்கள்.

"எங்க போறாங்க?"

"தெரியல... நான் சொல்லல."

அவளுடைய மலையில் ஆளே இல்லை. ஏலக்காய்கள் பழுக்கும், பறிக்க ஆளின்றி உதிரும். மேலே போனவர்கள் குனிந்து, பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிக்க ஆரம்பித்தார்கள்.

சூர்யகலா வாயைப் பொத்திக்கொண்டாள். விடிகாலையில் ஏலக்காய் பறிக்கப் போடியிலிருந்து மலையேறும் ஜீப்புகள், நெருக்கியடித்து வரும் ஆட்கள்... அந்த வாழ்க்கை முழுவதும் அங்கே நடந்துகொண்டிருந்தது. அவள் எழுதியது தண்ணீரை. அவன் எழுதியது ஜனங்களின் பசியை. வேலை தேடி மலையேறுவதை யாருமே எழுதவில்லை. இரண்டு அரைகுறை உலகங்கள் தொட்டுக்கொண்டதும், அது தானாகப் பிறந்திருந்தது.

"இது... நம்ம ஊருங்க," என்றாள், கோயிலுக்குள் பேசுவதுபோல.

விளையாட்டில் சாயங்காலம் வந்தது. ஜனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கத் தொடங்கினார்கள். சூர்யகலாவின் முகம் மாறியது. விரல் பட்டென்று அசைந்தது. விளிம்பில் ஒரு பாறைச் சுவர் எழுந்து வழியை மறித்தது.

"என்ன பண்றீங்க? அவங்க வீட்டுக்குப் போகணும்ல?"

"இங்கயே இருக்கட்டும்."

"என் ஜனங்கங்க! அங்க வெளக்குப் போட ஆளில்ல!"

"தானா வந்தவங்கதான? இருந்தா என்ன?"

"அதான் உங்க மலையில ஒரு மனுசன்கூட இல்ல. ஆளோட இருக்கத் தெரியாதவங்களுக்கு எதுக்குங்க ஜனம்?" செழியன் இணைப்பைத் துண்டித்தான். மலையிலிருந்த அத்தனை பேரும் ஒரே நொடியில் காணாமல் போனார்கள்.

அவள் கன்னத்தில் ஒரு துளி இறங்கியது. மழை என்று சொல்ல முடியாது. ஜன்னல் சாத்தியிருந்தது.

ஜேசிபி அப்போதுதான் வந்தது.

அந்த வாரம் முழுக்க செழியனின் ஊரில் ஒரு விந்தை நடந்தது. கண்மாய் நிறைந்திருந்தது, டீக்கடையும் திறந்திருந்தது. ஆனாலும் விடிந்ததும், மலையிலிருந்து மீண்டுவந்த ஜனங்கள் எல்லாரும் விளிம்புக்குப் போய், மலை இருந்த வெற்றிடத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள்.

"மாப்ளே, இது கோளாறுடா," என்றான் மொக்கையன். "அழிச்சிட்டுப் புதுசாக் கட்டு. வெரசா முடிச்சிரலாம்."

"கோளாறு இல்லடா."

"பின்ன என்ன, காதலா?"

செழியன் லேப்டாப்பைப் பட்டென்று மூடினான். மொக்கையன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். "பேரு என்ன?"

விளையாட்டு வழியாகச் செழியன் அழைப்பு அனுப்பினான். மறுபடி அனுப்பினான். மலை திறக்கவே இல்லை...

சனிக்கிழமை. போடி பஸ் ஸ்டாண்டில் அடைமழை. தேனியிலிருந்து வந்த அதே பஸ்சில், ஜன்னலோரம் அவள். அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இந்த சீட்டுக்கு ஆள் வருதா?"

"வருது."

"யாரு?"

"யாராச்சும்."

"அது நான்தான்," என்று சொட்டச் சொட்ட உட்கார்ந்தான். "அன்னைக்கு நான் பேசுனது தப்பு. நீங்க பேச வேணாம். இதை மட்டும் பாருங்க."

திரையில், விளிம்பில் நிற்கும் ஓர் ஊர். அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"யாரு நிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. உங்க மலை அவங்க நெனப்புல இருக்கு போல."

மழை கூரையில் கொட்டியது. அவள் குரல் அதற்குள் கரைந்து வந்தது. "எஸ்டேட்ல வளந்தவ நான். சீசன் முடிஞ்சா ஆளுக போயிருவாங்க. கூட வெளையாடுனவ, கூடப் படிச்சவ... எல்லாரும் வர்றேன்னுதான் சொல்லுவாங்க. ஒருத்தரும் வந்ததில்ல. அதான் மலையில யாரையும் வைக்கல."

செழியன் திரையில் அந்த விளிம்பைத் தொட்டுக் காட்டினான்.

"சாயங்காலம் எறங்கத்தாங்க செய்வாங்க, அங்க வீடிருக்குல்ல... ஆனா வழியை மறிக்காம ஒரே ஒரு தடவை விட்டுப் பாருங்க."

அவள் போனை எடுத்தாள். விரல் திரைக்கு மேல் வெகு நேரம் தயங்கியது... பிறகு அழுத்தினாள்.

ஓடை இறங்கியது. ஊர் ஏறியது. சாயங்காலமானதும் ஜனங்கள் இறங்கினார்கள். முன்சீட்டுக் கம்பியை அவள் இறுகப் பற்றிக்கொண்டாள். சுவர் எழவில்லை. மலை இருட்டியது... ஒரு விளக்குகூட இல்லாத இருட்டு.

திரையில் பொழுது வெளுத்தது. விளிம்பில் ஒரு தலை தெரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் ஊரே!

இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பஸ்சு மலையேறத் தொடங்கியதையே கவனிக்கவில்லை. சற்று நேரத்தில் அங்கே இன்னொரு சாயங்காலம் வந்தது, எல்லாரும் இறங்கிவிட்டார்கள். ஓர் உருவம் மட்டும் மலையிலேயே நின்றது.

"இது யாரு? எங்க ஊரு ஆள் இல்லையே?"

"மலைக்காரி. இப்பத்தான் வச்சேன்."

"தனியா நின்னு என்ன பண்றா?"

"காலைல ஒருத்தன் வருவான்... அவனுக்காக நிக்கிறா." அவள் நிமிரவில்லை. காதோரம் மட்டும் சிவந்தது. "அவளுக்கு அவனைப் பிடிச்சிருக்கு."

வாரம் முழுக்க அழகழகாய் வசனங்கள் தயாரித்து வைத்திருந்தான் செழியன். அவசரத்துக்கு அதில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"எனக்கும்," என்றான்.